ரொட்டி சானாய் கடையும் சில்லுத் தொழிற்சாலையும்

காலையில் ஜார்ஜ்டவுனில் ஏதாவது ஒரு ரொட்டி சானாய் கடையில் போய் உட்காருங்கள். மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி முன்பே ஊற வைத்திருப்பார்கள். நீங்கள் "கோசோங்" என்றால் வெறும் ரொட்டி. "தெலூர்" என்றால் முட்டை. "பாவாங்" என்றால் வெங்காயம். நேரம் பிடிக்கிற வேலை முடிந்துவிட்டது. எந்த ரொட்டி என்ற முடிவு மட்டும் நீங்கள் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கிறது.

பாயான் லெப்பாஸிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில்தான் திறந்தது. வேஃபர் எனப்படும் வட்டச் சிலிக்கான் தகட்டில் மின்சுற்றுகளைப் பதிக்கும் வேலை பெரும்பாலும் வேறு நாடுகளில் நடக்கும். அந்தத் தகட்டை அறுத்து, சில்லுகளுக்கு உறையிட்டு, சோதித்துத் தரம் பிரிக்கும் கடைசிக் கட்டம்தான் பினாங்கின் கைத்திறன். உலகில் நடக்கும் இந்த வகை வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்வார்கள்.

இனி பாடத்துக்கு வருவோம். 'அஜைல்' என்ற மேலாண்மை முறையை 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் ஓர் அறிக்கையாக எழுதினார்கள். சிறிது செய், காட்டு, கருத்துக் கேள், திருத்து என்பதே அதன் சாரம். (அதில் அடிபடும் 'ஸ்கிரம்' என்ற சொல், கார், கேமரா, நகல் இயந்திரம் செய்த நிறுவனங்களைப் பற்றி இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஆக, மென்பொருள்தான் தொழிற்சாலையிடம் கடன் வாங்கியது!)

ஆனால் மென்பொருளை இரண்டு வாரத்தில் திருத்திவிடலாம். ஒரு தகட்டில் சுற்றுகளைப் பதித்து முடிக்கச் சுமார் 3 மாதம் ஆகும். நடுவில் வாடிக்கையாளர் மனம் மாறினால் என்ன செய்வது? அதனால் சில்லு நிறுவனங்கள் மாவு உருண்டை உத்தியைக் கையாளுகின்றன. உறையிடாத சில்லுகளை இருப்பில் வைப்பார்கள். இதற்கு 'டை பேங்க்' என்று பெயர். எந்த உறை, எந்த ரகம், யாருக்கு என்பதை ஆர்டர் வந்தபின் தீர்மானிப்பார்கள். அங்கிருந்து சில வாரங்களில் சரக்கு பக்கத்து விமான நிலையத்துக்குப் போய்விடும். எவ்வளவு இருப்பு வைப்பது என்பதுதான் தலைவலி. சில்லு மாவைப்போலப் புளிக்காது. ஆனால் புது ரகம் வந்துவிட்டால் அதன் விலை சரிந்துவிடும்.

இந்த உத்திக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2020இல் கொரோனா வந்ததும் கார் நிறுவனங்கள் சில்லு ஆர்டர்களை ரத்து செய்தன. விற்பனை மீண்டபோது, அவர்களுக்கான உற்பத்தி இடத்தைக் கணினியும் கைப்பேசியும் பிடித்திருந்தன. போதாக்குறைக்கு 2021 ஜூன் 1 அன்று மலேசியா முழு முடக்கத்துக்குப் போனது. ஆலைகள் குறைந்த ஆட்களோடு ஓடின. மாவும் குறைவு, ரொட்டி தட்டும் கைகளும் குறைவு. அந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஆலையில் எஃப்-150 வண்டிகளின் உற்பத்தியை ஃபோர்டு தற்காலிகமாக நிறுத்தியது. அது சொன்ன காரணம்: மலேசியாவில் பரவிய தொற்றால் சில்லு சார்ந்த பாகம் ஒன்று வந்து சேரவில்லை.