தங்கியிருக்கும் வளவில் பழமரம் நடலாமா?

மா, பலா, வாழை என்பன எமது வளவுகளில் வழக்கமாக நிற்பவை. வாழைக்கு நீர் அதிகம் வேண்டும். மாவுக்கும் பலாவுக்கும் இடமும் காலமும் வேண்டும். இடம்பெயர்ந்து உறவினர் காணியிலோ வாடகை வளவிலோ தங்கியிருக்கும் குடும்பங்கள், "இங்கே எத்தனை நாள் இருக்கப்போகிறோம்? மரம் நட்டு என்ன பயன்?" என்று கேட்பது நியாயமே. ஆயினும் குறைந்த நீரிலும் சிறிய இடத்திலும் வளரும், நாம் அதிகம் கவனியாத சில பழமரங்கள் உள்ளன. அவற்றுள் எதை எந்தக் காணியில் நடலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டில் வெளியேறிய குடும்பங்களுட் பல, 20 வருடங்களுக்கு மேலாகத் தமது காணிக்குத் திரும்ப முடியாமல் இருந்தன. தங்கிய இடத்தில் அன்று ஒரு சீத்தாக் கன்றை நட்டிருந்தால், அக்காலத்துள் அது பதினைந்து தடவையாவது காய்த்திருக்கும். பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கும், அங்கே தோட்டம் செய்து அதன் பலனை உண்ணும்படியே எரேமியா எழுதினார் (எரேமியா 29). திரும்பிச் செல்லும் நம்பிக்கையை அவர் மறுக்கவில்லை. காத்திருக்கும் காலத்திலும் பிள்ளைகள் பழம் உண்ண வேண்டும் அல்லவா?

1. எடுத்துச் செல்லக்கூடிய மரம்: மாதுளை

எப்போது எழும்ப வேண்டிவரும் என்று தெரியாதவர்கள் மாதுளையை வாளியில் வளர்க்கலாம். முற்றிய கிளையில் பென்சில் தடிப்பில், ஒன்பது அங்குல நீளமான துண்டுகளை வெட்டிப் பையில் நட்டு நிழலில் வையுங்கள். நன்றாக வேர்விட்டுத் துளிர்த்த பின் பழைய பெயின்ற் வாளிக்கு மாற்றுங்கள். வாளியை நன்கு கழுவி, அடியில் நான்கைந்து துளைகள் இடவேண்டும். மேல்மண், உக்கிய எரு, மணல் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். வாளியைக் கல்லின்மேல் வையுங்கள். நிலத்தில் வைத்தால் துளைவழியே வேர் மண்ணுள் இறங்கிவிடும். பின்னர் தூக்கும்போது வேர் அறுந்து மரம் வாடும்.

இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கத் தொடங்கும். ஓரளவு உவர் நீரையும் தாங்கும். மண்ணை நெடுநாள் காயவிட்டு, பின் ஒரேயடியாக நீர் ஊற்றினால் காய் வெடிக்கும். ஆகவே அளவாக, ஒழுங்காக ஊற்றுங்கள். காய் தேசிக்காய் அளவானதும் சீலைத் துண்டால் கட்டிவிட்டால் காய்துளைக்கும் புழு அணுகாது.

2. சில வருடங்களில் பலன்: சீத்தா

அன்னமுன்னா இனத்தைச் சேர்ந்த சீத்தா, கல்நிலத்திலும் வளரும். விதைக் கன்றே ஏறக்குறைய மூன்று வருடத்தில் காய்க்கும். ஆடு பொதுவாக இதன் இலையைக் கடிப்பதில்லை. வேலி இல்லாத வளவுக்கு இது பெரிய ஆறுதல். கோடையில் இலை உதிர்ந்தால் பட்டுவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள்; மழையுடன் மீண்டும் துளிர்க்கும்.

பூத்தும் காய் பிடிக்கவில்லை என்பது பலரின் முறைப்பாடு. சீத்தாப் பூ முதலில் பெண்ணாகவும், பின்னர் ஆணாகவும் இயங்குவதே இதற்குக் காரணம். மாலையில் நன்றாக விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தைச் சிறு கிண்ணத்தில் தட்டி எடுங்கள். மறுநாள் காலையில், சற்றே விரிந்த பூக்களின் நடுவில் கோழி இறகால் அதைத் தடவுங்கள். காய் கூடுதலாகப் பிடிக்கும்.

எச்சரிக்கை: விதை நஞ்சுள்ளது. பேனுக்கென அரைத்துத் தலையில் பூசக்கூடாது. கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும்.

3. சொந்தக் காணிக்குத் திரும்பியோருக்கு: இலந்தை, விளாத்தி

இலந்தையின் ஆணிவேர் ஆழமாகச் செல்வதால் வறட்சியைத் தாங்கும். ஆனால் வளர்ந்தபின் கிளப்பி நட முடியாது. எனவே நிற்கவேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றுங்கள். காட்டு இலந்தையில் நல்லின அரும்பை ஒட்டினால் இரண்டு மூன்று வருடத்தில் பெரிய பழம் கிடைக்கும். புதிய கிளையிலேயே பூப்பதால், ஒவ்வொரு அறுவடையின் பின்னும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். விழுந்த புழுப்பழங்களைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

விளாத்தி விதைக் கன்று காய்க்கப் பல வருடங்கள் செல்லும். அது பிள்ளைகளுக்காக நடும் மரம். ஒட்டுக்கன்று கிடைத்தால் காலம் குறையும். விவசாயப் போதனாசிரியரிடம் விசாரியுங்கள்.

நடும் முறை

திரும்பிய காணியாயின், மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட இடத்தில் மாத்திரம் அலவாங்கு போடுங்கள். நீள, அகல, ஆழம் இரண்டு அடியாகக் குழி வெட்டி, மேல்மண்ணுடன் உக்கிய எருவைக் கலந்து நிரப்புங்கள். மாரி மழை தொடங்கியதும் நடுங்கள். கோடைக்காக, கன்றிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள். நீர் மெதுவாகக் கசிந்து வேரைச் சேரும். அடியைச் சுற்றிக் காய்ந்த ஓலை, சருகு பரப்புங்கள்.

காணிச் சொந்தக்காரருடன் பேசுங்கள்

பிறர் காணியில் நிலத்தில் மரம் வைப்பதானால் முதலில் அவரது சம்மதம் வேண்டும். பழத்தில் யாருக்கு எவ்வளவு, நாம் போனபின் மரம் யாருக்கு என்பதை இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதிவையுங்கள். காய்த்தபின் வரும் மனத்தாங்கலை இந்த ஒரு தாள் தடுக்கும். விட்டுச் செல்லும் மரமும் வீண் அல்ல. எமக்கு இடம் தந்த வீட்டாருக்கு அது எமது நன்றியாக நிற்கும்.

கலந்துரையாடுவோம்

1. எமது குழுவில் யார் யார் வாளியில் நடவேண்டியவர்கள்? யார் நிலத்தில் நடலாம்?
2. எமது பழைய வளவில் நின்ற எந்தப் பழமரத்தின் விதையை அல்லது தடியை இங்கு பெறமுடியும்?
3. அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கன்றாவது பெற நாம் என்ன செய்யலாம்?