ரோடு பைக் வாங்கும் முன் உங்கள் காலை அளந்து பாருங்க



இந்த மாதப் பாடம் சைக்கிள் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு லங்காட் பக்கமோ, கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா பக்கமோ போய்ப் பாருங்க. வளைந்த ஹேண்டில், மெலிந்த டயர் வைத்த ரோடு பைக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். நம்ம பிள்ளைகள் பலருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் பகுதி நேர வேலை செய்து சேர்த்த இரண்டாயிரம், மூவாயிரம் ரிங்கிட்டை எதில் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும், இல்லையா?

புதிதாக வாங்குபவர்கள் முதலில் கேட்பது, "கார்பனா, அலுமினியமா? எந்த கியர் செட் நல்லது?" என்றுதான். இரண்டுமே இரண்டாவது கேள்விகள். "இந்த ஃபிரேம் என் உடம்புக்குப் பொருந்துமா?" என்பதுதான் முதல் கேள்வி. பொருந்தாத ஃபிரேமில் எவ்வளவு விலை உயர்ந்த பாகத்தைப் பூட்டினாலும் முட்டி வலிக்கும், கை மரத்துப்போகும், மூன்றே மாதத்தில் பைக் வீட்டுப் பின்கட்டில் தூசி படிந்து நிற்கும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஃபிரேம் பெரிதாக இருந்தால் பிரேக் பிடி எட்டாது. மலை இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

மாறாதது எது, மாறுவது எது?

இந்தப் பாடத்தின் சாரம் ஒரே வரிதான்: பிறகு மாற்ற முடியாததை முதலில் சரியாகத் தேர்ந்தெடுங்க.

மாற்ற முடியாதவை மூன்று. ஒன்று, ஃபிரேமின் அளவு. இரண்டு, பிரேக் வகை. ரிம் பிரேக்குக்குச் செய்த ஃபிரேமில் டிஸ்க் பிரேக் பூட்ட இடம் இருக்காது. மூன்று, டயருக்கான இடைவெளி. 25 மி.மீ. டயருக்கு மட்டும் இடம் விட்ட ஃபிரேமில் 32 மி.மீ. டயர் போடவே முடியாது.

சீட், ஹேண்டில், ஸ்டெம், பெடல், டயர், சக்கரம், கியர் எல்லாம் மாற்றக்கூடியவை. காசு சேரச் சேர ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: காலை அளப்பது

உயரத்தை மட்டும் பார்த்து அளவு சொல்வது போதாது. காரணம், ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் வேறு வேறாக இருக்கும். அளப்பது எப்படி என்று பாருங்க.

செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்க. பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகு மேலே இருக்கும்படி இரு கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்துங்க. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை தம்பியையோ தங்கச்சியையோ அளக்கச் சொல்லுங்க. மூன்று முறை அளந்து சராசரி எடுங்க. இதுதான் உங்கள் உட்கால் நீளம்.

இப்போது ஒரு கணக்கு. 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமண்ட் பிரபலமாக்கிய முறை இது. உட்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் சீட் உயரம் கிடைக்கும். பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள தூரம் அது. அதே நீளத்தை 0.67-ஆல் பெருக்கினால், மேல் குழாய் தரைக்குச் சமமாக இருக்கும் பழைய பாணி ஃபிரேமின் அளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, இரண்டு பேரின் உயரமும் 170 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் உட்கால் 79 செ.மீ., இன்னொருவரின் உட்கால் 76 செ.மீ. முதலாமவருக்குச் சீட் உயரம் 69.8 செ.மீ., ஃபிரேம் சுமார் 53. இரண்டாமவருக்குச் சீட் உயரம் 67.1 செ.மீ., ஃபிரேம் சுமார் 51. உயரம் ஒன்றுதான், பைக் வேறு. அதனால் கூட்டாளியின் பைக்கை ஒரு சுற்று ஓட்டிவிட்டு அதே அளவை வாங்குவது சரிவராது.

இந்த எண்கள் தொடக்கம் மட்டுமே, முடிவு இல்லை. ஷூவின் தடிமன், பெடல் வகை, உடம்பின் வளைவுத்தன்மை இவற்றைப் பொறுத்து சில மில்லிமீட்டர் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ஸ்டிக்கரை நம்பாதீங்க

1990-களின் பிற்பகுதியில் ஜயண்ட் நிறுவனத்தின் டிசிஆர் மாடல் வந்த பிறகு, மேல் குழாய் பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபிரேம்கள் பரவலாகிவிட்டன. சீட் குழாய் குட்டையாகிவிட்டதால் அதன் நீளத்தை வைத்து அளவு சொல்வதில் பொருள் இல்லாமல் போனது. எஸ், எம், எல் என்று ஒட்டுகிறார்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எஸ் மாதிரி இருக்கலாம்.

இதற்குத் தீர்வாக இரண்டு எண்களைப் பாருங்க: ஸ்டேக், ரீச். பெடல் அச்சின் மையத்திலிருந்து ஒரு செங்குத்துக் கோடு போடுங்க. ஹேண்டில் நுழையும் முன் குழாயின் உச்சி அந்த அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது ஸ்டேக். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அது ரீச். பள்ளியில் படித்த எக்ஸ் அச்சு, ஒய் அச்சுதான், வேறொன்றுமில்லை. தயாரிப்பாளரின் அளவு அட்டவணையில் இந்த இரண்டும் மில்லிமீட்டரில் இருக்கும்.

ஸ்டேக் கூடினால் நிமிர்ந்து உட்காரலாம். ரீச் கூடினால் முன்னால் நீட்டிப் படுக்க வேண்டும். கால் நீண்டு உடல் குட்டையாக இருப்பவருக்கு ஸ்டேக் அதிகமும் ரீச் குறைவும் உள்ள ஃபிரேம் வசதி. போட்டிக்கான ஃபிரேமைவிட நெடுந்தூரப் பயணத்துக்கான ஃபிரேம் பொதுவாக இப்படித்தான் இருக்கும். முதல் பைக் வாங்குபவர்களுக்கு இதுவே நல்ல தேர்வு.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் சிறியதை எடுங்க. சிறிய ஃபிரேமில் சீட்டை உயர்த்தலாம், ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை 10 மி.மீ. நீளமாக மாற்றலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழி குறைவு. ஸ்டெம்மை 80 மி.மீ.க்கும் கீழே குட்டையாக்கினால் பைக் திரும்பும் விதமே மாறிப்போகும்.

உடம்பு சொல்லும் குறிப்புகள்

வாங்கிய பிறகு வலி வந்தால் "பழகிடும்" என்று விட்டுவிடாதீங்க. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். முட்டியின் பின்பக்கம் வலித்தாலோ, பெடல் போடும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ சீட் உயரமாக இருக்கலாம். உள்ளங்கை மரத்துப்போனால் ஹேண்டில் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கலாம், அல்லது சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் 5 மி.மீ. அளவுக்கு மட்டும் செய்து ஓட்டிப் பாருங்க. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. சரிசெய்தும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்க.

கியர்: பெயரைப் பார்க்காதீங்க, பல்லை எண்ணுங்க

ஷிமானோ வரிசையில் கிளாரிஸ் 8 கியர், சோரா 9, தியாக்ரா 10. அதற்கு மேல் 105, பழையதில் 11, புதியதில் 12. இந்த ஷிமானோ ஜப்பானுக்கு வெளியே முதல் ஆலையைத் திறந்தது நம்ம பக்கத்தில்தான், 1973-இல் சிங்கப்பூரில். மேலே போகப் போக எடை குறையும், மாற்றம் மென்மையாகும், விலை ஏறும். ஆனால் மலை ஏற உதவுவது பெயர் இல்லை, பற்களின் எண்ணிக்கை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்று பெடல் போட்டால் வேகம் மணிக்கு 8.8 கி.மீ. பின்னால் பெரிய பல் 28 மட்டுமே என்றால், அதே 70 சுற்றுக்கு 10.7 கி.மீ. வேகத்தில் போயாக வேண்டும்.

ஆளும் பைக்கும் சேர்த்து 74 கிலோ, சாலையின் ஏற்றம் 10 விழுக்காடு என்று வையுங்க. புவியீர்ப்பை எதிர்த்து ஏறவே முதல் கியரில் சுமார் 177 வாட் வேண்டும், இரண்டாவதில் சுமார் 216 வாட். பயிற்சி இல்லாதவருக்கு 200 வாட்டுக்கு மேல் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பது பெரும்பாடு. ஆக 34 பல் கேசட் வைத்த கிளாரிஸ், 28 பல் வைத்த 105-ஐவிட உங்களைச் சுகமாக மேலே கொண்டுபோகும்.

பிரேக், டயர்

நம்ம நாட்டில் மதியத்துக்கு மேல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. ஈரத்தில் டிஸ்க் பிரேக் சீராகப் பிடிக்கும். ரிம் பிரேக் விளிம்பிலுள்ள தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் டிஸ்க் எடுங்க. ரிம் பிரேக்தான் முடியும் என்றால் நல்ல பிரேக் கட்டை போட்டு, மழையில் முன்கூட்டியே பிரேக் பிடிக்கப் பழகுங்க.

டயர் 28 மி.மீ. இருந்தால் நல்லது. காற்றழுத்தம் கொஞ்சம் குறைவாக வைக்கலாம், குழியும் மேடுமான சாலையில் கை நோகாது.

பழைய பைக் வாங்கினால்

மாணவர்களுக்குப் பழைய பைக்தான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். நான்கு விஷயம் பாருங்க.

1. ஸ்டெம் பூட்டியிருக்கும் முள் குழாய். முந்தியவர் தன் வசதிக்கு அதை வெட்டியிருந்தால் ஹேண்டிலை உங்களால் உயர்த்த முடியாது. ஸ்டெம்மின் கீழும் மேலும் எத்தனை வளையம் மிச்சம் என்று பாருங்க.

2. சீட் கம்பி. கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்க. துருப்பிடித்து இறுகியிருந்தால் சீட் உயரத்தை மாற்றவே முடியாது. உங்கள் உயரத்துக்கு வைக்கும்போது கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது.

3. செயின். 12 முழுக் கண்ணிகள் புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.3-ஐத் தாண்டினால் 11, 12 கியர் செயினை மாற்ற வேண்டும். ரொம்ப நீண்டிருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்க.

4. ஃபிரேமின் மூட்டுகள். முன் குழாய், பெடல் அச்சு இருக்கும் இடங்களில் பெயிண்டில் முடி போன்ற கோடு தெரிந்தால், குறிப்பாகக் கார்பனில், வேண்டாம் என்று வந்துவிடுங்க. எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

செய்து பாருங்கள்

இந்த வாரம் கடைக்குப் போகாதீங்க. உட்கால் நீளத்தை அளந்து சீட் உயரத்தைக் கணக்கிடுங்க. பிடித்த மூன்று மாடல்களின் ஸ்டேக், ரீச் எண்களை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. பின் கேசட்டின் பெரிய பல் எத்தனை, எந்த டயர் வரை இடம் உண்டு என்றும் குறித்துக்கொள்ளுங்க. அடுத்த வாரம் அந்தத் தாளோடு போங்க. கடைத் தவுக்கே, "இந்த சைஸ் ஸ்டாக்கில் இருக்கு, இதுவே பொருந்தும், டிஸ்கவுண்ட் தரேன்" என்றால், தாளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்க. பொருந்தாத பைக்கை எவ்வளவு தள்ளுபடியில் வாங்கினாலும் நஷ்டம் நமக்குத்தான்.

மறந்துவிடாதீங்க, ஹெல்மெட்டுக்கும் முன் பின் விளக்குக்கும் பட்ஜெட்டில் முதலிலேயே ஒதுக்கி வையுங்க. மிச்சத்தில்தான் பைக்.