பொத்தானைத் தொடுமுன்

பத்தமடையில் சொந்த வீட்டுத் திண்ணையிலிருந்தே சர்வர் வேலை பார்க்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: அமேசான் கிளவுடின் இபிஎஸ் வால்யூம்களை, அதாவது சர்வரில் மாட்டும் வட்டுகளை, மடிக்கணினியில் நிறுவிய கிளையண்ட் டூல் வழியே கையாளப் போகிறீர்கள். கட்டளை எழுதும் சிரமம் இல்லை, எல்லாம் வலது கிளிக்கில் முடிகிறது. அந்தச் சுலபம்தான் எனக்குப் பயம்.

1. வால்யூம் வேறு, சர்வர் வேறு. 2008இல் இபிஎஸ் வருவதற்கு முன், சர்வரை டெர்மினேட் செய்தால் அதன் வட்டில் இருந்ததும் சேர்ந்தே போகும். இப்போது வால்யூமைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்டலாம். பூட் வால்யூம் மட்டும், நாம் மாற்றாதவரை, சர்வரோடு சேர்ந்தே அழியும். 'டெலீட் ஆன் டெர்மினேஷன்' குறியை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

2. டூலைத் திறந்ததும் ரீஜன் எது என்று பாருங்கள். வால்யூமைக் காணோம் என்று பதறி வந்த எத்தனையோ பிள்ளைகள் மும்பைக்குப் பதிலாக வர்ஜீனியாவைத் திறந்து வைத்திருந்தார்கள். மும்பைக்குள்ளேயே 3 ஜோன்கள். ஒரு ஜோனில் உருவான வால்யூமை அதே ஜோனிலுள்ள சர்வரில்தான் மாட்டலாம். வேறு ஜோனில் வேண்டுமென்றால், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுத்து அதிலிருந்து அங்கே புதிதாக உருவாக்க வேண்டும்.

3. பெயர் வையுங்கள். நம்மூர்க் கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரைப் பாயோடு பாயாக நெய்துவிடுகிறார்கள். யார் வீட்டுப் பாய் என்று பிறகு கேட்க வேண்டியதில்லை. பெயரில்லாத வால்யூமுக்கு வாயில் நுழையாத குறியெண்தான் உண்டு. நள்ளிரவில் அப்படி இரண்டு ஒரே மாதிரி தெரியும்.

4. எனக்கு ஒருமுறை அப்படித்தான் தெரிந்தன. ஒரு கடைக்காரரின் கணக்கு இருந்த வால்யூமைப் புதியது என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிட்டேன். கையில் இருந்த ஸ்னாப்ஷாட் பதினொரு நாள் பழையது. அந்தப் பதினொரு நாள் பில்களை அவரும் அவர் மகளும் வாசிக்க வாசிக்க நான் கையால் ஏற்றினேன். ஆகவே, லினக்ஸில் ஃபார்மேட் செய்யுமுன் அதில் ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த வட்டை விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்று காட்டினால் 'ஆன்லைன்' ஆக்குங்கள். 'இனிஷியலைஸ்' பக்கம் போகவே வேண்டாம்.

5. வால்யூமைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. 100 ஜிபி போதுமா என்று தெரியாவிட்டால் 100இலேயே தொடங்குங்கள். டூலில் 200 ஆக்கியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். சர்வருக்குள் போய்ப் பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டாதவரை அது பழைய 100தான். வேகம் வேண்டுமென்று அளவைக் கூட்டுவது பழைய ஜிபி2 வகை வால்யூமின் வழக்கம். ஜிபி3 வகை சின்ன வால்யூமுக்கும் 3,000 ஐஓபிஎஸ் தருகிறது.

6. முதலில் அன்மவுண்ட், பிறகு டிடாச். 'ஃபோர்ஸ் டிடாச்' கடைசி வழி.

7. ஸ்னாப்ஷாட்டைத் தேதி வைத்து எடுங்கள். முதலாவதற்குப் பின் மாறிய பகுதிகள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. பழையதை அழித்தால் புதியது கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். புதியதற்குத் தேவையானது தங்கிவிடும். ஆனால் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை ஒன்றிலிருந்து வால்யூம் உருவாக்கி, மாட்டி, உள்ளே ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்.

8. டூலில் ரூட் கணக்கின் சாவியைப் போடாதீர்கள். உங்களுக்கென்று தனிப் பயனர், வேலைக்கு வேண்டிய அனுமதி மட்டும். மடிக்கணினி பேருந்தில் தொலைந்துபோகக்கூடிய பொருள்.

9. திரையில் தெரியும் பட்டியல் சற்று முன் எடுத்ததாக இருக்கலாம். எதையும் கழற்றுமுன், அழிக்குமுன் ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

10. எதிலும் மாட்டாமல் 'அவைலபிள்' என்று நிற்கும் வால்யூமுக்கும் பணம் போகிறது, அதுவும் ஒதுக்கிய முழு அளவுக்கு. அப்படியொரு வால்யூமைக் கண்டால் உடனே அழிக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுங்கள், உரியவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் அது அங்கேயே இருக்கட்டும்.