வன்னியில் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்?

கேள்வி: கனடாவிலிருந்து நண்பர்களோடு முதல் தடவை வன்னிக்கு வருகிறோம். ஊர்ச் சாப்பாட்டையும் கள்ளையும் எங்கே, எப்படி ருசிப்பது?
– வாசகி, ரொறன்ரோ

பதில்: ஏ-9 வீதியிலேயே தொடங்குங்கள். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கோயிலடியில் வறுத்த கச்சான் வாங்காமல் எவரும் நகர்வதில்லை. காலைச் சாப்பாட்டுக்குக் கிளிநொச்சி, வவுனியாவில் உள்ள அம்மாச்சி உணவகங்களே நல்லவை. பெண்கள் கண்முன்னே சுடும் தோசை, குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி எல்லாம் மலிவு, வருமானமும் அவர்களுக்கே.

முல்லைத்தீவுக்குப் போனால் நந்திக்கடல் இறாலை விடாதீர்கள். உறவினர் வீடு இருந்தால் ஒடியல் கூழ் காய்ச்சித் தரச் சொல்லுங்கள். ஒடியல் மா, மீன், நண்டு, இறால், மரவள்ளி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், பழப்புளி, செத்தல் மிளகாய் எல்லாம் சேர்ந்த கூழை, பலர் கூடியிருந்து பனையோலைப் பிளாவில் குடிப்பதே வழக்கம்.

இனிக் கள்ளுக்கு வருவோம். பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் இனிப்பான கருப்பணி, பூசாவிட்டால் கள். பிள்ளைகளுக்குக் கருப்பணி கொடுக்கலாம். பெரியவர்கள் கள்ளை அனுமதி பெற்ற தவறணையில், இறக்கிய அன்றே அளவோடு குடியுங்கள். நேரம் போகப் புளிப்பும் வெறியும் ஏறும். போயா நாளில் விற்பனை இல்லை.

திரும்பும்போது பனங்கட்டியும் புழுக்கொடியலும் வாங்குங்கள். போரிலிருந்து மீண்டெழுந்த இந்த மண்ணின் உழைப்பாளிகளுக்கு அது நேரடி உதவி.