மாணவர் எந்த மாநிலத்தவர்? அமெரிக்க ஃபெடரல் வழக்கில் டொமிசைல்

கேள்வி: நியூ ஜெர்சியில் பெற்றோருடன் வளர்ந்த மாணவி, டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். ஆஸ்டினிலேயே வசிக்கும் ஒருவர் ஓட்டிய கார் மோதிக் கால் முறிந்தது. நஷ்டம் ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஆஸ்டினில் வாடகை வீடும் டெக்சஸ் ஓட்டுநர் உரிமமும் வைத்திருக்கும் அந்த மாணவி, ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா?

பதில்: விபத்து நஷ்டஈடு மாநிலச் சட்டத்தைச் சேர்ந்த விஷயம். ஆகவே அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்கு இயல்பாகப் போய்ச் சேரும் இடம் மாநில நீதிமன்றம். வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலக் குடிமக்களாக இருந்தால் மட்டும் ஃபெடரல் நீதிமன்றத்தின் கதவும் திறக்கும். வெளி மாநிலத்தவருக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் பாரபட்சம் நேரலாம் என்ற அச்சத்தால் வந்த ஏற்பாடு இது. அரசியல் சாசனத்தின் மூன்றாம் ஷரத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. இன்று அதை நடைமுறைப்படுத்துவது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பு, 1332ஆம் பிரிவு. அதன்படி, கோரும் தொகை வட்டியும் வழக்குச் செலவும் நீங்கலாக 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்தாலே அதிகாரம் போய்விடும். 1806இல் ஸ்ட்ராபிரிட்ஜ் எதிர் கர்டிஸ் வழக்கில் வகுக்கப்பட்ட இந்த விதி இன்றும் சாதாரண வழக்குகளை ஆள்கிறது.

ஒருவர் ஒரு மாநிலத்தின் குடிமகன் என்றால், அவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராகவும் அந்த மாநிலத்தில் டொமிசைல் உள்ளவராகவும் இருக்க வேண்டும். வசிப்பிடம் வேறு, டொமிசைல் வேறு. ஒருவருக்கு இரண்டு மூன்று ஊரில் வீடு இருக்கலாம். டொமிசைல் ஒன்றுதான் இருக்க முடியும். அது உருவாக இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். அந்த மாநிலத்தில் ஆள் இருக்க வேண்டும். புறப்படும் காலம் எதையும் வைத்துக்கொள்ளாமல் அங்கேயே இருந்துவிடும் எண்ணமும் இருக்க வேண்டும். மைனர் பிள்ளைக்குப் பெற்றோரின் டொமிசைலே டொமிசைல். பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதும், அலபாமா, நெப்ராஸ்காவில் 19 வயதும் நிறைந்தபின் சொந்தமாக ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். புதியது முழுமையாக அமையும்வரை பழையது ஒட்டிக்கொண்டே இருக்கும். மாணவர் வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு விதியைச் சுற்றியே தீர்கின்றன.

படிப்புக்காக வெளியூர் போகிறவர் படிப்பு முடியும்வரை தங்கத்தான் போகிறார். நான்கு வருடம் ஒரே ஊரில் இருந்தாலும், அங்கேயே குடியிருந்துவிடும் எண்ணம் அந்த வருடங்களால் மட்டும் வந்துவிடாது. ஆகவே மாணவர் பெற்றோர் வீடு இருக்கும் மாநிலத்தவரே என்ற அனுமானத்திலிருந்துதான் நீதிமன்றங்கள் தொடங்குகின்றன. இந்த அனுமானத்தைச் சான்றுகளால் மாற்ற முடியும்.

இதில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் பலவும் பாடமாக வைக்கும் தீர்ப்பு, ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974இல் வழங்கிய மாஸ் எதிர் பெர்ரி. கணவர் பிரெஞ்சுக் குடிமகன், மனைவி மிசிசிப்பியைச் சேர்ந்தவர். இருவரும் பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு படித்துக்கொண்டே உதவியாளர்களாக வேலை பார்த்தனர். மனைவியின் ஊரான ஜாக்சனில் திருமணம் செய்துகொண்டு திரும்பி, பேட்டன் ரூஜில் வாடகைக்குக் குடியேறினர். ஒரு பக்கம் கண்ணாடியாகவும் மறுபக்கம் ஜன்னலாகவும் இருக்கும் இருவழிக் கண்ணாடிகளை அந்த வீட்டின் படுக்கையறையிலும் குளியலறையிலும் பொருத்தி, உரிமையாளர் அவர்களைக் கவனித்து வந்தது பின்னால் தெரியவந்தது. ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஜூரி கணவருக்கு 5,000 டாலரும் மனைவிக்கு 15,000 டாலரும் வழங்கியது.

மேல்முறையீட்டில் உரிமையாளர் பிடித்துக்கொண்டது டொமிசைலை. அவர் லூசியானாக்காரர். மனைவியும் லூசியானாவில்தானே இருக்கிறார், பிறகு எப்படி வேறு மாநிலத்தவர் ஆவார் என்பது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் லூசியானாவில் இருந்தது மாணவியாக மட்டுமே, அங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை, ஆகவே மிசிசிப்பி டொமிசைல் தொடர்கிறது என்றது. பெற்றோர் வீட்டுக்கு இனித் திரும்பும் எண்ணமில்லை என்று அவரே சாட்சியம் சொல்லியிருந்ததையும் கவனிக்க வேண்டும். பழைய ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்பது பழைய டொமிசைலைக் கலைக்கப் போதாது; புதிய ஊரில் நிலைகொள்ளும் முடிவும் வேண்டும். வெளிநாட்டவரை மணந்ததால் மட்டும் பெண்ணின் டொமிசைல் மாறிவிடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பெண்ணைக் கணவனின் நிழலாக எண்ணிய பழைய சட்டக் கொள்கையை இந்த வழக்கில் பொருத்த மறுத்தது நியாயமானது.

தமிழ்நாட்டில் தாசில்தார் அலுவலகம் இருப்பிடச் சான்றிதழ் தருவதுபோல, டொமிசைலுக்கு அமெரிக்காவில் எந்த அலுவலகமும் இறுதியான சான்று தருவதில்லை. சூழ்நிலைச் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தே நீதிபதி முடிவு செய்வார். வாக்காளராகப் பதிவு செய்திருக்கும் ஊர், வாகனப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் உள்ள மாநிலம், வரிக் கணக்கில் எழுதிய முகவரி, பெற்றோர் அவரைத் தங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருக்கிறார்களா என்பது, கோடை விடுமுறையைக் கழிக்கும் இடம், படிப்புக்குப்பின் ஏற்றுக்கொண்ட வேலை ஆகியவை பார்க்கப்படும். டெக்சஸில் தனிநபர் வருமான வரி இல்லாததால் அங்கே மாநில வரிக் கணக்கு என்ற சான்றே கிடைக்காது. மாணவர் தம் எண்ணத்தைப் பற்றிச் சொல்வதையும் நீதிமன்றம் கேட்கும். சொல்லும் நடத்தையும் முரண்பட்டால் நடத்தையையே நம்பும்.

இவற்றில் ஓட்டுநர் உரிமம் அவ்வளவு கனமானதல்ல. வண்டி ஓட்ட வசதிக்காகப் பலரும் மாற்றிக்கொள்கிறார்கள். வாக்காளர் பதிவு கனமானது. கல்லூரி ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள மாணவர்களுக்கு உரிமை உண்டு. டெக்சஸின் வாலர் கவுண்டியில் பிரெய்ரி வியூ பல்கலைக்கழக மாணவர்களின் பதிவுக்குப் போடப்பட்ட முட்டுக்கட்டையை நீக்கிய உத்தரவை 1979இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்திய மாணவர், பிறகு தாம் அந்த மாநிலத்தவர் அல்ல என்று வாதிட்டால் அந்தப் பதிவு எதிராக நிற்கும். உள்மாநிலக் கட்டணச் சலுகைக்காக எழுதிக் கொடுத்த விண்ணப்பமும் அப்படியே. டெக்சஸில் அந்தச் சலுகை ஓராண்டு டொமிசைலைச் சார்ந்தது. கல்லூரியிடம் டெக்சஸ் என்றும் நீதிமன்றத்தில் நியூ ஜெர்சி என்றும் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த விண்ணப்பத்தை மேசையில் வைப்பார்.

கேள்வியில் சொல்லப்பட்ட மாணவிக்கு வாடகை வீடும் உரிமமும் மட்டுமே டெக்சஸ் பக்கம் நிற்கின்றன. படிப்பு முடிந்து எங்கே போவது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றாலும் நியூ ஜெர்சி டொமிசைல் தொடரும். ஆஸ்டினில் நிரந்தர வேலையை ஏற்று, அங்கேயே இருந்துவிடத் தீர்மானித்திருந்தால் கதை மாறும். கணக்கில் கொள்ளப்படும் நாள் வழக்குத் தாக்கலான நாள். விபத்து நடந்த நாளோ, தீர்ப்பு வரும் நாளோ பொருட்டல்ல. தாக்கலன்று இல்லாத வேற்றுமையைப் பிறகு குடிமாறி உண்டாக்க முடியாது என்று 2004இல் குரூப்போ டேட்டாஃப்ளக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. நிரூபிக்கும் பாரம் ஃபெடரல் நீதிமன்றத்தை நாடுபவருடையது.

மாணவியின் பக்கம் சரியாக இருந்தாலும் பாதிதான் முடிந்தது. கார் ஓட்டியவர் ஆஸ்டினில் வசிக்கிறார் என்பதால் அவர் டெக்சஸ்காரர் ஆகிவிடமாட்டார். அவரும் நியூ ஜெர்சியிலிருந்து படிக்க வந்தவராக இருந்தால் வழக்கு அந்த இடத்திலேயே விழும். பிரதிவாதி கார்ப்பரேஷன் என்றால், பதிவான மாநிலம், தலைமை நிர்வாகம் நடக்கும் மாநிலம் இரண்டும் அதன் மாநிலங்கள். மாணவர் குடியிருப்புகளை நடத்தும் எல்எல்சி நிறுவனங்களுக்கு இன்னும் சிக்கல்: அதன் உறுப்பினர் ஒவ்வொருவருடைய மாநிலமும் நிறுவனத்தின் மாநிலமாகும். மாநில அரசோ, அரசின் அங்கமான பல்கலைக்கழகமோ எந்த மாநிலத்தின் குடிமகனும் அல்ல. இந்த வழியில் அவற்றின்மேல் ஃபெடரல் நீதிமன்றம் போக முடியாது.

வழக்கு மனுவில் ‘நியூ ஜெர்சியில் வசிப்பவர்’ என்று எழுதினால் போதாது, ‘நியூ ஜெர்சியின் குடிமகள்’ என்றே எழுத வேண்டும். எழுத்துப் பிழையாக மட்டும் இருந்தால் 1653ஆம் பிரிவின்கீழ் திருத்திக்கொள்ளலாம். 2022 டிசம்பர் 1 முதல், இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு தரப்பும் தன் மாநிலக் குடியுரிமையைத் தனி அறிக்கையாகவே தாக்கல் செய்ய வேண்டும். அதிகாரம் இல்லாத குறையை இரு தரப்பும் சம்மதித்தாலும் மூட முடியாது. ஜூரி தீர்ப்பு வந்தபின் மேல்முறையீட்டில் தெரியவந்தாலும் வழக்கு தள்ளுபடிதான். உடல் காயத்துக்கு டெக்சஸில் காலவரம்பு இரண்டு ஆண்டு. தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு போட்டு அதிகாரமின்மையால் தள்ளுபடியானால், அந்த உத்தரவு இறுதியானதிலிருந்து 60 நாளுக்குள் சரியான நீதிமன்றத்தில் மறுபடி போட டெக்சஸ் சட்டம் இடம் தருகிறது. சந்தேகமிருந்தால் முதலிலேயே மாநில நீதிமன்றத்துக்குப் போவது உத்தமம்; அங்கே இந்தக் கேள்வி எழாது.

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 விசாவில் போனவருக்குக் கணக்கே வேறு. அவர் இந்தியக் குடிமகன். அமெரிக்க மாநிலக் குடிமகன்மேல் அவர் வழக்குப் போட 1332ஆம் பிரிவு தனியாக இடம் தருகிறது, டொமிசைலைத் தேட வேண்டியதில்லை. ஆனால் காரை ஓட்டியவர் எச்-1பி விசாவில் இருக்கும் இன்னொரு இந்தியர் என்றால் இருவரும் வெளிநாட்டவர், ஃபெடரல் வழி அடைபடும். கிரீன் கார்டு வைத்திருக்கும் மாணவருக்கு டொமிசைல் மீண்டும் முக்கியமாகிறது. 2011 திருத்தத்தின்படி, அவரும் எதிராளியான அமெரிக்கக் குடிமகனும் ஒரே மாநிலத்தில் டொமிசைல் உள்ளவர்கள் என்றால் அதிகாரம் இல்லை.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது, அமெரிக்காவில் பிறந்து சின்ன வயதிலேயே பெற்றோருடன் சென்னைக்கு வந்து வளர்ந்து, கல்லூரிக்காக அமெரிக்கா திரும்பும் பிள்ளைகள். கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது. ஓசிஐ அட்டை இந்தியக் குடியுரிமை அல்ல. ஆகவே வெளிநாட்டவர் என்ற வழி இவர்களுக்குக் கிடையாது. பெற்றோர் இந்தியாவிலேயே நிலையாகத் தங்கிவிட்டவர்கள் என்றால், மைனராக இருந்தபோது இவர்களுடைய டொமிசைலும் இந்தியா. வெளிநாட்டில் டொமிசைல் உள்ள அமெரிக்கக் குடிமகன் எந்த மாநிலத்தவனும் அல்லன் என்று 1989இல் நியூமன்-கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மாஸ் வழக்கின் விதியை இவர்களுக்குப் பொருத்தினால், படிக்க மட்டும் வந்தவரின் இந்திய டொமிசைல் தொடர்கிறது. ஃபெடரல் கதவின் இரண்டு பக்கமும் மூடிக்கொள்கிறது. அமெரிக்காவிலேயே இருந்துவிடப் போகிறேன் என்று சொன்னாலும் போதாது. எந்த மாநிலத்தில் என்று காட்ட வேண்டும்.

விபத்தில் மாணவர் இறந்துபோய், அவருடைய சொத்து நிர்வாகியாகப் பெற்றோர் வழக்குத் தொடுத்தால், இறந்தவரின் மாநிலமே நிர்வாகியின் மாநிலமாகக் கொள்ளப்படும். பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பது பார்க்கப்படாது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் போன்ற ஃபெடரல் சட்டத்தின்கீழ் எழும் வழக்குகளுக்கு 1331ஆம் பிரிவே அதிகாரம் தருகிறது. அவற்றுக்கு மாநில வேற்றுமையும் 75,000 டாலர் வரம்பும் தேவையில்லை.