மானிடவியல் என்று ஒரு படிப்பு



பிளஸ் டூ முடித்ததும் என்ன படிப்பாய் என்று கேட்டால் நாம் டாக்டர், டீச்சர், போலீஸ் என்றுதான் சொல்வோம். நானும் போன வருஷம் வரை நர்ஸ் என்றுதான் சொன்னேன். மனிதர்களைப் பற்றியே படிக்கிற பட்டப்படிப்பும் இருக்கிறது. அதுதான் மானிடவியல். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி.யாகவே படிக்கலாம். எலும்பு, மண்டை ஓடு, மரபணு எல்லாம் ஒரு பக்கம். கல்யாணம், சாமி, சொந்தபந்தம் இன்னொரு பக்கம். புத்தகத்தோடு விடமாட்டார்கள். ஓர் ஊருக்குப் போய்த் தங்கி, அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுதணும். இதற்குக் களப்பணி என்று பெயர்.

முன்பு பல அறிஞர்கள் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்க்காரர்களை வரச்சொல்லிக் கேள்வி கேட்டார்கள். நம்ம சென்னை மியூசியத்தில் அதிகாரியாக இருந்த தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் மக்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்தார். மூக்கை அளந்தால் மனுசனைத் தெரிஞ்சிடுமா?

போலந்துக்காரர் மாலினோவ்ஸ்கி 1915-இல் நியூ கினிக்குப் பக்கத்தில் உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போனார். ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கி, அவர்கள் பாஷையைக் கற்றார். அங்கே ஆண்கள் ஆபத்தான கடலில் படகில் தீவு தீவாகப் போவார்களாம். சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையில் கைமாறும். வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்த்திசையில் கைமாறும். இதற்குக் குலா என்று பெயர். வாங்கியதை ரொம்ப நாள் வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுத்துவிடணும். ஒரு சிப்பிக்கு இவ்வளவு கஷ்டமா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் எங்க அம்மாவோட மொய் நோட்டு ஞாபகம் வந்தது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துத் திருப்பிச் செய்யாவிட்டால் உறவே அறுந்துபோகும். சிரிப்பு நின்றுவிட்டது.

மாலினோவ்ஸ்கி 1942-இல் இறந்துவிட்டார். அவருடைய சொந்த டைரி 1967-இல் புத்தகமாக வந்தது. அதில் அந்தத் தீவு மக்களையே பல இடங்களில் கேவலமாகத் திட்டி எழுதியிருக்கிறார்! எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் மானிடவியல் வகுப்புகளில் இதை மறைப்பதில்லையாம். தன் குருவின் தப்பையும் பாடமாக்குகிற படிப்பு என்பதால் எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

இந்த அரைப் பரீட்சை லீவில் நான் வீடு வீடாகப் போய் மொய் நோட்டைப் பற்றிக் கேட்டு எழுதப் போகிறேன். எங்க தெருவோடு நிறுத்தினால் அது களப்பணி இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவுக்கும் போகணும். அந்தத் தெருப் பிள்ளைகள் என் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. கூட வர்றவங்க சொல்லுங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி