குளிர்கால இரவும் கணப்பும்

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலம் போன்ற மலையூர்களில் இரவில் உறைபனி விழுகிறது. தேயிலையும் காய்கறியும் பயிரிடும் உறுப்பினர்கள் பலரும் கணப்பை நாடும் காலம் இது. சங்கத் தணிக்கைக்குச் சென்றபோது ஒரு வீட்டில், கதவிடுக்கைச் சாக்கால் அடைத்துவிட்டு உள்ளே கரிச்சட்டி வைத்திருந்ததைக் கண்டேன். ஆதலின் இதனை எழுதலானேன்.

1. புகைபோக்கியுள்ள கணப்படுப்பு: புகை வெளியேறிவிடும். ஆயின், விறகின் வெப்பத்தில் பெரும்பகுதியும் அதனுடனே போய்விடும்.

2. கரிச்சட்டி: செலவு குறைவு. தணலில் புகை காணாமையால் தீங்கில்லை எனக் கருதுதல் தவறு. அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். அடைத்த அறையில் உறங்குவோர் விழியாமலே இறக்கவும் கூடும். தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றின் உடனே வெளியேறி மருத்துவரை நாடுக.

3. மின்கணப்பு: புகையும் நச்சும் இல்லை. 1,000 வாட் கருவிக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் செலவாகும். துணி, படுக்கை இவற்றை அருகில் வைத்தலாகாது.

எம்முறையாயினும், உள்ள வெப்பத்தைக் காப்பதே முதற்சிக்கனம். தகரக் கூரையின்கீழ் பலகைத் தளம் அமைத்தலும், சன்னலுக்குக் கனத்த திரை இடுதலும், கம்பளி போர்த்தலும் ஒருமுறைச் செலவில் பல்லாண்டு பயன் தருவன.

கரிச்சட்டி திறந்த முற்றத்திற்கே உரியது; உறங்கும் அறைக்கு அன்று. இதனை வீட்டிலுள்ள முதியோருக்கும் இன்றே எடுத்துரைப்பீர்களாக.